ஜப்பான் பழைய துப்பறியும் நாவல்: 'ஹொன்ஜின் மர்டர்ஸ்' முடிச்சிட்டேன், அடுத்து எத எடுக்கலாம்?

சிப்புட்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட், தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப டவுன்ல ஒரு கிளினிக்ல கவுண்டர்ல வேல. துப்பறியும் கதைன்னா எனக்கு உசுரு, சின்ன வயசுல தமிழ் க்ரைம் நாவல்ல ஆரம்பிச்சது, அப்புறம் இங்கிலீஷ்ல அகதா கிறிஸ்டி கெடச்ச வரைக்கும் படிச்சேன். தீபாவளிக்கு வந்த சித்தி மக கேஎல்லேர்ந்து ஒரு புக்கு கொண்டாந்து குடுத்தா, செய்ஷி யோகோமிஸோன்னு ஒரு ஜப்பான் எழுத்தாளரோட 'ஹொன்ஜின் மர்டர்ஸ்', இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான். ஜப்பான்ல 1946ல பத்திரிகைல தொடரா வந்த கதையாம், இங்கிலீஷ்ல 2019லதான் வந்திருக்கு. இத்தனை வருசம் இது நம்ம கைக்கு வராமயே இருந்திருக்கேன்னு மனசு ஆறல.

படிக்காதவங்களுக்காக முடிவு சொல்லாம கதைய மட்டும் சொல்றேன். 1937, ஒக்காயாமா பக்கம் ஒரு கிராமம், ஊர்லயே பெரிய குடும்பம், மூத்த மகனுக்குக் கல்யாணம். கல்யாண ராத்திரி விடியறதுக்குள்ள பொண்ணு மாப்பிள ரெண்டு பேரும் உள்ள தாப்பாள் போட்ட தனி வீட்டுல வெட்டுப்பட்டுக் கெடக்காங்க, வெளிய பனி கொட்டியிருக்கு, யாரும் வெளியேறின காலடித் தடமே இல்ல, தோட்டத்துல பனிக்கு நடுவுல ஒரு வாள் மட்டும் குத்தி நிக்குது. அந்த ராத்திரி கோட்டோன்னு அவங்க வீணை மாதிரி ஒரு வாத்தியம், அதோட சத்தம் கேட்டுச்சுன்னு வேற எல்லாரும் சொல்றாங்க.

மர்மம் நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னைப் புடிச்சு வச்சது அந்தக் கல்யாணப் பொண்ணு கட்சுக்கோ. படிச்ச பொண்ணு, டீச்சர். அவ அப்பாவும் சித்தப்பாவும் அமெரிக்கா போயி ஒடம்பு நோக உழைச்சு, காசோட ஊருக்குத் திரும்பி வந்து பழத்தோட்டம் போட்டு முன்னேறினவங்க. ஆனா மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு அவ இன்னும் குத்தக விவசாயி வீட்டுப் பொண்ணுதான், பரம்பர இல்லாதவதான். கல்யாணத்துல அந்த வீட்டு ஆளுங்க அவள ஒரு பார்வை பாக்கறாங்க பாருங்க, அந்தப் பார்வைய நான் பாத்திருக்கேன், நம்ம பொண்ணு கேக்கப் போற எடத்துல எந்த ஊரு எந்த ஆளுங்கன்னு விசாரிக்கறப்ப வர்ற அதே பார்வை. ஜப்பான்ல பனி கொட்டற ஊர்ல நடக்கிற கதை இவ்வளவு பக்கத்துல வந்து ஒக்காரும்னு நான் நெனைக்கவே இல்ல.

இப்ப கேள்வி. அடுத்து எத வாங்கட்டும்? பழசா, நெதானமா போற கதையா இருக்கணும். ரெண்டாவது, பேருங்க. எல்லாமே க-ல ஆரம்பிச்சு ஓ-ல முடியுது, யாரு யாருன்னு நடுவுல குழம்புது, நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?

இன்னொண்ணும் கேக்கணும், பெரியவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எங்க அப்பாயி என் கைல இந்தப் புக்க பாத்துட்டு என்னா கதைன்னு கேட்டாங்க, ஜப்பான்காரங்க கதைன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசல, எழுந்து உள்ள போயிட்டாங்க. அவங்க அண்ணன ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குக் கொண்டு போயிட்டானுங்க, திரும்பி வரவே இல்ல. அதுலேர்ந்து புக்க அவங்க முன்னாடி எடுக்கவே கை வரல. ஆனா படிக்காம இருக்கவும் முடியல.

கோலசிலாங்கூர்_அக்கா:

தங்கச்சி, கண்ண மூடிக்கிட்டு 'இனுகாமி கர்ஸ்' வாங்குமா. அதே யோகோமிஸோ, அதே கிண்டாய்ச்சி கோசுக்கே, அந்தப் பரட்டத் தல துப்பறியும் பையன் தலைய சொறிஞ்சுக்கிட்டு திக்கித் திக்கிப் பேசிக்கிட்டு மறுபடியும் வருவான். 1950ல தொடரா ஆரம்பிச்ச கதை. பட்டு வியாபாரத்துல கோடீஸ்வரனான ஒரு பெரிய மனுசன் சாவுறான், மூணு பொம்பளைங்களுக்குப் பொறந்த மூணு மகளுங்க, ஆளுக்கொரு மகன். உயில்ல என்னா எழுதி வச்சிருக்கான் தெரியுமா, தன்ன ஆதரிச்சு வளத்தவரோட பேத்தி தமாயோ இருக்காளே, அவ இந்த மூணு பேரன்ல ஒருத்தன கட்டிக்கணும், அவளுக்குத்தான் எல்லாச் சொத்தும். அதோட அந்தக் குடும்பம் காலி. மூத்த பேரன் கியோ சண்டைக்குப் போயி மூஞ்சி செதஞ்சு முகமூடி போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றான், வந்தவன் உண்மையில கியோதானான்னு வீட்டுக்குள்ளயே சந்தேகம். உயில் படிக்கிற எடத்த மட்டும் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன், ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம ஒக்காந்திருக்கிற அந்த மூணு அக்கா தங்கச்சிங்க, நெலம் வீடுன்னு பங்கு பிரிக்கிற அன்னிக்கு நம்ம வீடுங்கள்ல கூடத்துல ஒக்காந்திருக்கிறத பாத்தவங்களுக்கு இது புதுசா வெளக்க வேண்டாம்.

பேருக்கு ஒரு வழி சொல்றேன். ஒரு தாள் எடுத்து குடும்பத்த மரமா வரஞ்சுக்கோ, தாத்தா மேல, மகளுங்க கீழ, பேரனுங்க அதுக்கும் கீழ, யாரு யாரோட மகன்னு கோடு போட்டு புக்குக்குள்ளயே வச்சிரு. சில பதிப்புல முன்னாடியே ஆளுங்க லிஸ்ட் இருக்கும், இருந்தாலும் நீயே எழுதறப்பதான் மனசுல நிக்கும். பேருக்குப் பக்கத்துல பொருத்தமா ஒரு வார்த்த போடு, 'முகமூடி', 'வக்கீலு', 'பாட்டு டீச்சர்' அப்படி. முப்பது பக்கம் தாண்டிட்டா தாளத் தொடவே மாட்ட.

எடோகாவா ரம்போவும் படிக்கணும், ஆனா அவர ராத்திரில தனியா எடுக்காத. 1923ல 'ரெண்டு சென் செப்புக் காசு' கதையோட எழுத வந்தவரு, ஜப்பான் துப்பறியும் கதைக்கு அவருதான் தகப்பன் மாதிரி, எட்கர் ஆலன் போ மேல உள்ள பிரியத்துல அந்தப் பேர அப்படியே ஜப்பான் வாய்க்கு மாத்தி புனைபேரா வச்சுக்கிட்டவரு. 'மனித நாற்காலி'ன்னு ஒரு கதை, நாற்காலி செய்யற ஆசாரி ஒருத்தன் தான் செஞ்ச பெரிய சோபாவுக்குள்ளயே ஒளிஞ்சு ஒக்காந்துக்கிறான், மேல வந்து ஒக்காருறவங்களுக்குத் தெரியாது. அத படிச்சிட்டு எங்க வீட்டு சோபால நான் கொஞ்ச நாளு ஒக்காரல.

அந்தச் சிறுகதைங்க இங்கிலீஷ்ல வந்த விதமே ஒரு கதை தங்கச்சி. 1956ல வந்த தொகுப்பு, மொழிபெயர்த்தவரு ஜேம்ஸ் ஹாரிஸ். அவருக்கு ஜப்பான் மொழி பேச வரும், படிக்கத் தெரியாது. ரம்போவுக்கு இங்கிலீஷ் படிச்சாப் புரியும், எழுத வராது. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா ஒக்காந்து, ரம்போ ஒவ்வொரு வரியா திரும்பத் திரும்ப வாசிச்சுக் காட்ட, அவரு இங்கிலீஷ்ல அடிச்சுக் காட்ட, சரியா வந்துச்சுன்னு ரம்போ தல ஆட்டுனாதான் அடுத்த வரி. அஞ்சு வருசம் ஆச்சாம். நாம மொழிபெயர்ப்புன்னு சுளுவா சொல்லிட்டுப் போறோம்லா, அதுக்குப் பின்னால இவ்வளவு பொறும இருக்கு.

பூட்டின_ரூம் (கூலிம்):

அக்கா சொன்னது எல்லாம் ஓகே ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். குடும்பக் கதை வேணும்னா சீரியல் பாத்துக்கலாம், ஜப்பான்காரங்க கிட்ட மட்டும் கெடைக்கிறது அந்தப் புதிர். க்ளூ எல்லாத்தையும் படிக்கிறவன் கண்ணு முன்னாடியே வச்சிட்டு இப்ப நீயே கண்டுபுடின்னு விடுற நேர்ம. இத ஹொன்காக்குன்னு சொல்வாங்க. ஹொன்ஜின்ல அந்த வாள், கோட்டோ கம்பி, தண்ணிச் சக்கரம்னு ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருக்கும்ல, முடிச்சப்புறம் மொத அத்தியாயத்த திரும்பிப் பாருங்க, எல்லாமே அங்கயே சொல்லியாச்சு, ஒளிக்கவே இல்ல. அதுதான் எனக்குப் புல்லரிச்ச எடம்.

பேரு பிரச்சனைன்னா உங்களுக்கு 'டெகாகன் ஹவுஸ் மர்டர்ஸ்' செட்டாகும். யுகிதோ அயாட்சுஜி 1987ல எழுதினது. யூனிவர்சிட்டில மர்மக் கதை கிளப்புல இருக்கிற பசங்க ஒரு தீவுக்குப் போறாங்க, அங்க பத்து மூலை உள்ள வீடு, ஒருத்தர் ஒருத்தரா செத்துக்கிட்டே வருவாங்க. அவங்க ஒருத்தர ஒருத்தர் கூப்டுக்கிற பேரு எல்லாம் எல்லரி, அகதா, கார், போ, லெரூன்னு வெள்ளக்கார எழுத்தாளருங்க பேரு, சோ குழப்பமே வராது. கிறிஸ்டி படிச்சவங்களுக்கு எந்த நாவலுக்கு இது மரியாதை செய்யுதுன்னு ஒடனே புரியும். கடைசில ஒரே ஒரு வரி வருது, ஒருத்தர் ஒரு பேரு சொல்வாரு அவ்வளவுதான், மொத்தக் கதையும் அப்படியே புரண்டு விழும். தயவு செஞ்சு கடைசிப் பக்கத்த முன்னாடியே புரட்டாதீங்க, நெட்ல தேடவும் தேடாதீங்க.

அதுக்கப்புறம் சோஜி ஷிமாடாவோட 'டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்', 1981. ஆரம்பம் ஒரு பெயிண்டர் எழுதி வச்ச குறிப்பு, அது கொஞ்சம் நீளம் கொஞ்சம் கோரம், அத தாண்டிட்டீங்கன்னா கதை நடுவுலயே எழுத்தாளர் வந்து உங்ககிட்ட நேரா பேசுவாரு, தேவையான எல்லா விஷயமும் குடுத்தாச்சு முடிஞ்சா கண்டுபுடிங்கன்னு. நான் பேனா பேப்பர் வச்சு ஒக்காந்தேன், வேலைக்குப் போற வழில எல்லாம் அதே யோசன, என்னால முடியல, வெட எவ்வளவு சிம்பிள்னு தெரிஞ்சப்ப ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

கோலசிலாங்கூர்_அக்கா:

தம்பி, புதிர் முக்கியம் இல்லன்னு நான் சொல்லல. ஆனா ஹொன்ஜின்ல அந்தப் புதிர ஏன் போடணும்னு கேட்டுப் பாரு. அந்தக் குடும்பத்துக்கு அந்தத் திமிரும் வெறியும் இல்லன்னா பூட்டின ரூமே கெடயாது. கௌரவம்னு ஒண்ணு எவ்வளவு தூரம் மனுசன இழுத்துட்டுப் போகும்கிறதுதான் கதை, வாளும் கம்பியும் அதுக்கு வந்த ஆயுதம். நீ வாள பாக்குற, நான் அத எடுத்த கைய பாக்குறேன். இதுக்கு மேல சொன்னா கதை ஒடஞ்சிரும், நிறுத்திக்கிறேன்.

ரயில்கார_மாமா (குளுவாங்):

ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க, மட்சுமோட்டோ செய்ச்சோ பேர யாருமே எடுக்கலையே. சிப்புட் மகளே, நெதானமா போற கதைன்னு கேட்டல்ல, உனக்கு 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' தான். 1957ல ஒரு பயணப் பத்திரிகைல தொடரா ஆரம்பிச்சது, இங்கிலீஷ்ல முன்னாடி 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'னு வந்தது, 2022ல புது மொழிபெயர்ப்பு இந்தப் பேர்ல வந்திருக்கு. மெல்லிசு புக்குதான்.

நான் கேடிஎம்ல, அதான் மலேசிய ரயில்வேல, ஸ்டேஷன் வேல பாத்து ரிட்டயர் ஆனவன், அதனால என் பேச்ச கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஃபுக்குவோக்கா பக்கம் காஷின்னு ஒரு கடக்கரை, ஒரு நாள் விடிகாலைல ஒரு ஆணும் பொண்ணும் பக்கத்துல பக்கத்துல செத்துக் கெடக்காங்க, ஜூஸ்ல சயனைட். காதல் தற்கொலைன்னு எல்லாரும் ஃபைல மூடப் போறாங்க. அந்த ஊர் போலீஸ்ல தோரிகாய்ன்னு ஒரு பழைய ஆளு, ஒல்லியா, பழைய கோட்டு, மேலதிகாரிங்க பெருசா மதிக்காத ஆளு. செத்தவன் பாக்கெட்ல ரயில் சாப்பாட்டு வண்டி ரசீது ஒண்ணு கெடைக்குது, அதுல ஒரு ஆளுக்குன்னு போட்டிருக்கு. எல்லாரும் அத தாண்டிப் போயிடுறாங்க. இவரு மட்டும் யோசிக்கிறாரு, கூடவே சாகப் போற காதலிய கூட்டிக்கிட்டு ரயில்ல போறவன் ஏன் தனியா சாப்புட்டான்? பசிக்கலன்னாலும் ஒரு காப்பி குடிக்கக் கூட ஒக்காந்திருக்க மாட்டாளா? மொத்த கேஸும் அந்த ஒரு சின்ன தாள்லேர்ந்து தொறக்குது.

இன்னொரு எடம் இருக்கு, அத படிச்சப்ப நான் எழுந்து நின்னுட்டேன். டோக்கியோ ஸ்டேஷன்ல 13ஆம் பிளாட்பாரத்துல நின்னு பாத்தா 15ல நிக்கிற அசகாஸே எக்ஸ்பிரஸ் சாதாரணமா தெரியாது, நடுவுல ரயிலு வர்றதும் போறதுமா மறச்சுக்கிட்டே இருக்கும். சாயந்தரம் 17:57லேர்ந்து 18:01 வரைக்கும் மட்டும் நாலே நிமிசம் நடுவுல ஒண்ணும் இருக்காது. அந்த நாலு நிமிசத்துக்குள்ள ஒரு சாட்சி அந்த ஜோடியப் பாக்குது. தற்செயலா, இல்ல யாராச்சும் பாக்க வச்சாங்களா? இது சும்மா கற்பனை டைம் இல்ல, அந்த வருசத்து உண்மையான டைம்டேபிள வச்சு எழுதினது.

எங்க லைன் முன்னாடி ஒத்தத் தண்டவாளம், எதிர்ல வர்ற வண்டி லேட்டுன்னா இந்த வண்டி கிராசிங்ல காத்துக் கெடக்கும், ஒரு எடத்துல ஆன பத்து நிமிசம் ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனா பரவிக்கிட்டே போகும், லாக் புக்குல நாங்க எழுதுற நேரத்துல ஒரு நிமிசம் மாறுனாலும் மறுநாள் பதில் சொல்லணும். அதனாலதான் ஒரு கொலைகாரன் டைம்டேபிள நம்பி திட்டம் போடுறான்னா அதுல எவ்வளவு துணிச்சல் இருக்குன்னு எனக்குத் தெரியும். கதையில ஒரு ஆளு நோயில படுத்துக்கிட்டே டைம்டேபிள் படிக்கும், இந்த நிமிசத்துல எந்தெந்த ஊர்ல எந்தெந்த ரயிலு வந்து நிக்குதுன்னு மனசுல ஓட்டிப் பாக்கும். யாருன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்த எழுதினவருக்கு ரயிலப் பத்தித் தெரியும், தனிமையப் பத்தியும் தெரியும்.

ஒரே ஒரு விஷயம், படிக்கறப்ப ஜப்பான் வரைபடம் ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோ. தெற்க ஃபுக்குவோக்கா, நடுவுல டோக்கியோ, வடக்க ஹொக்காய்டோ, இந்த மூணும் எவ்வளவு தூரம்னு கண்ணுல பட்டாதான் துப்பறியறவரு படுற பாடு புரியும்.

பகாவ்_பெரியவர்:

மகளே, உன் அப்பாயி விஷயத்துக்கு யாரும் பதில் எழுதலையே, நான் எழுதுறேன். எங்கப்பா சயாம் போயி திரும்பி வந்தவரு. 1942லயும் 43லயும் ஜப்பான்காரன் ஆளுங்கள வச்சுப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டிப் போட்டது. எங்க தோட்டத்து லயத்துலேர்ந்து லாரில ஏத்திட்டுப் போனவங்கள்ல கொஞ்சப் பேருதான் திரும்புனாங்க. வாந்திபேதி, மலேரியா, பட்டினி. அப்பா அதப் பத்தி அதிகம் பேச மாட்டாரு, சோத்துல ஒரு பருக்க கீழ விழுந்தா மட்டும் எடுத்து வாயில போட்டுக்குவாரு, ஏன்னு நாங்க கேட்டதில்ல.

நானும் இந்த நாவல்ங்கள படிக்கிறேன். மொதல்ல தயக்கமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு விஷயம் தெரிய வந்துச்சு, அந்த அரசாங்கத்துக்கு இந்த எழுத்தாளருங்களையும் புடிக்கல. ரம்போ 1929ல ஒரு கதை எழுதினாரு, 'கம்பளிப்பூச்சி'ன்னு, சண்டைல கையும் காலும் போயி பேச்சும் போயி திரும்பின ஒரு சிப்பாய், அவன வச்சுக்கிட்டுக் கெடக்குற பொண்டாட்டி. 1939ல அந்தக் கதைய மறுபதிப்புலேர்ந்து எடுக்கச் சொல்லி தணிக்கை வந்துச்சு. சண்டை முத்த முத்த துப்பறியும் கதை எழுதறதே முடியாமப் போச்சு. யோகோமிஸோ 1945ல குடும்பத்தோட ஒக்காயாமா பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒதுங்கினவரு, சண்டை முடிஞ்ச மறு வருசமே ஹொன்ஜின் எழுதுறாரு. நீ ரசிச்சியே அந்தக் கிராமம், அந்த வீடு, அந்த ஊர்ப் பேச்சு, எல்லாம் அங்க ஒக்காந்து பாத்தது கேட்டது.

நீ அடுத்து 'டெத் ஆன் கோக்குமோன் ஐலண்ட்' படி. கிண்டாய்ச்சி நியூ கினி சண்டைலேர்ந்து 1946ல திரும்பி வர்றான். கப்பல்ல கூட வந்த நண்பன் சாவுறப்ப சொல்லிட்டுப் போறான், என் மூணு தங்கச்சிங்களையும் கொன்னுருவாங்க, நீ போயி காப்பாத்துன்னு. அவன் அந்தத் தீவுக்குப் போற அதே படகுல சண்டைக்காக அரசாங்கம் புடுங்கிட்டுப் போன கோயில் மணி திரும்பி வருது, துப்பாக்கி குண்டு செய்ய உருக்குறதுக்காக எடுத்துட்டுப் போனது. வீட்டுக்கு வீடு ரேடியோ பக்கத்துல காத தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, யாரு உசுரோட திரும்புறான்னு தெரிஞ்சுக்க. அந்த எடத்துல நான் புக்க மூடி வச்சுட்டேன் மகளே, எங்க பாட்டி லயத்து வாசல்ல ஒக்காந்து அப்படித்தான் காத்திருந்தாங்கன்னு எங்க அத்தை சொல்வாங்க.

இதனால அவங்க செஞ்சது கொறஞ்சு போயிடாது. ஒரு துளி கூட கொறயாது. உன் அப்பாயி எழுந்து போனது சரிதான், அவங்கள சமாதானம் பண்ணணும்னு நெனைக்காத, இந்தக் கதை நல்ல கதைன்னு வெளக்கவும் போகாத. அவங்க நல்லா இருக்கிற ஒரு சாயந்தரம் பக்கத்துல ஒக்காந்து அந்த அண்ணன் பேரு என்னா, எந்த தோட்டம், எத்தன வயசு, யாரு கூட போனாருன்னு கேளு. சொன்னா எழுதி வை. சொல்லலன்னா விட்டுடு. புக்கு படிக்கிறத நிறுத்தாத.

சிப்புட்_வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பெரியவரே உங்களுக்கு என்னா சொல்றதுன்னே தெரியல. அப்பாயிகிட்ட நேத்து கேட்டேன். அண்ணன் பேரு முத்தையா, போறப்ப பதினெட்டு வயசு, பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு. போற அன்னிக்கு காலைல பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாராம். பேர நோட்டுல எழுதி வச்சிட்டேன். அதுக்கு மேல அவங்க சொல்லல, நானும் கேக்கல.

புக்கு, கோக்குமோன் ஐலண்டும் டோக்கியோ எக்ஸ்பிரஸும் ஆர்டர் போட்டாச்சு, இனுகாமி சித்தி மககிட்டயே இருக்காம், தைப்பூசத்துக்கு வர்றப்ப கொண்டாரேன்னா. கூலிம் அண்ணே, டெகாகனும் கட்டாயம் படிப்பேன், கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு சந்தேகம், கிண்டாய்ச்சி கதைங்கள வரிசையா படிக்கணுமா? இனுகாமிக்கு முன்னாடி கோக்குமோன் படிச்சா ஏதாச்சும் ஒடஞ்சிருமா?

கோலசிலாங்கூர்_அக்கா:

ஒண்ணும் ஒடயாது தங்கச்சி, ஒவ்வொண்ணும் தனிக் கேஸ். ஹொன்ஜினுக்கு அடுத்து கோக்குமோன், அதுக்கப்புறம் இனுகாமின்னு நீ போறதே எழுதின வரிசைதான். கோக்குமோன்ல கோயில் சாமியார் மடத்துல ஒரு திரை மடிப்புல எழுதியிருக்கிற ஹைக்கூ கவிதைங்க வரும், கிண்டாய்ச்சிக்கே கையெழுத்து புரியாம முழிப்பான், அத அவசரமா தாண்டிப் போயிடாத, ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோ. படிச்சு முடிச்சதும் வந்து எழுது, தம்பியும் நானும் விட்ட சண்டைய அங்க தொடருவோம்.